ரோஸ்வித்தாவின் மூக்கு

"கையக் காட்டு."

நீட்டிய கையைத் திருப்பி, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஆழமாக இழுக்கிறார் ரோஸ்வித்தா. அடுத்து விரலிடுக்கு. அப்புறம் மணிக்கட்டு. காலை ஏழு மணி. தூய்மை அறையின் முன்கூடத்தில் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். தலைக்கு வலை, காலுக்கு உறை, உடம்புக்கு வெள்ளை அங்கி எல்லாம் மாட்டியாகிவிட்டது. கையுறை மட்டும் பாக்கி. ரோஸ்வித்தா தலையசைத்தால்தான் கையுறைப் பெட்டி திறக்கும்.

"நீ நேத்து பூண்டு உரிச்சிருக்கே. பரவால்ல, போ."

"நீ வர்ற வழியில பெட்ரோல் போட்டியா? கழுவிட்டு வா. ரெண்டு தடவ."

"இது என்னது, லாவெண்டரா? யாரு குடுத்தா?"

"மாமியார். பொறந்தநாளுக்கு."

"எனக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லு, நேரா குப்பையில போட்டுக்கறேன். போ, கழுவு."

இந்த முகர்தல் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. விதிப்படி இருப்பது ஒரு புறஊதா விளக்கு. அதன் கீழே கையைக் காட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு மினுங்கும். விளக்கு சுவரில்தான் இருக்கிறது. அதற்குத் தெரியாதது ரோஸ்வித்தாவுக்குத் தெரியும் என்று கோட்டிங்கன் நகரின் அந்தத் தொழிற்கூடத்தில் முப்பத்து நான்கு வருடமாக எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் புதிதாக வந்த இயக்குநர், விருந்தாளிகளோடு கூடத்தைப் பார்க்க வந்தார். ரோஸ்வித்தா அவர் கையையும் வாங்கி முகர்ந்தார்.

"நீங்க சென்ட் எதுவும் போடல. போட்டவர் ஒருத்தர் கையைக் குலுக்கியிருக்கீங்க."

விருந்தாளிகளில் ஒருவர் தன் வலது கையை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இயக்குநர் இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

அங்கே செய்வது லேசர்க் குழாய். பெயர்தான் குழாய். பார்த்தால் ஒரு மீட்டர் நீளமுள்ள கனத்த அலுமினியப் பெட்டி. உட்புறம் முழுக்க நிக்கல் பூச்சு. அதற்குள் நியான், கொஞ்சம் ஆர்கான், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு ஃப்ளூரின். ஆர்கான் யாரோடும் ஒட்டாத வாயு. இரண்டு மின்வாய்களுக்கு நடுவே மின்னல் போலப் பொறி பாயும் கணத்தில் மட்டும் அது ஃப்ளூரினோடு கை கோக்கும். கண்ணிமைப்பில் சில கோடியில் ஒரு பங்கு நேரம். விலகும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை விட்டுவிட்டு விலகும். கண் மருத்துவர்கள் விழியின் மேற்பரப்பைச் செதுக்குவது அந்தக் கதிரால்தான்.

மற்ற நேரங்களில் ஃப்ளூரின் என்ன செய்கிறது என்பதுதான் ரோஸ்வித்தாவின் கவலை.

"அவன் பசிக்காரன்," என்பார். "கரி கெடச்சா கரியத் தின்னுவான். மண்ணு கெடச்சா மண்ணத் தின்னுவான். தண்ணி கெடச்சா குடிச்சிட்டு அமிலமாக் கக்குவான். ஒண்ணும் கெடைக்கலன்னாதான் ஒழுங்கா வேல செய்வான்."

தின்றதெல்லாம் வேறு வாயுவாகிப் பெட்டிக்குள்ளேயே தங்கும். கதிரை விழுங்கும். அதனால் உள்ளே ரப்பர் கூடாது, பிசின் கூடாது, சாதாரணக் கண்ணாடிகூடக் கூடாது. நிக்கலும் ஒருவகை வெள்ளைப் பீங்கானும்தான் தாக்குப்பிடிக்கும். அவையும் எடுத்த எடுப்பில் அல்ல. புதுக் குழாய்க்கு முதலில் மிகவும் நீர்த்த ஃப்ளூரினை ஊட்டி, ஒருநாள் வைத்திருந்து, உறிஞ்சி வெளியேற்றி, மறுபடி ஊட்ட வேண்டும். அப்படிப் பலமுறை செய்தால் உலோகத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்று படியும். அதற்குப் பிறகு ஃப்ளூரின் அதைத் தொடாது. இந்த வேலைக்குத் தோல்கட்டு என்று பெயர். உள்ளே ஒரே ஒரு விரல் தடம் இருந்தாலும் தோல்கட்டு கெட்டுப்போகும்.

ஆகவே ரோஸ்வித்தா கைக்கு க்ரீம் தடவுவதில்லை. முப்பத்து நான்கு குளிர்காலமும் அப்படியே. டிசம்பர் வந்தால் விரல் மூட்டுகளில் வெடிப்பு ஓடும். கம்பளி உறை போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். மதியம் கேன்டீனில் சாசேஜ் வைத்த ரொட்டியைக்கூடக் கத்தியும் முள்கரண்டியும் வைத்துத்தான் சாப்பிடுவார். பார்த்துச் சிரிப்பவர்களிடம், "கொழுப்பு வயித்துக்குள்ள போகட்டும், நகத்துக்குள்ள போக வேணாம்" என்பார். உதட்டுச்சாயம் இல்லை. தலைக்கு ஸ்பிரே இல்லை. துணி மென்மையாக்கும் திரவத்தைக் கடையில் அடுக்கியிருக்கும் வரிசைப் பக்கமே போகமாட்டார். வருடத்தில் மூன்று வாரம் பால்டிக் கடலில் ஃபேமார்ன் தீவுக்குப் போவார். முதல் நாளே அங்கே ஒரு க்ரீம் வாங்குவார். மூன்று வாரமும் முழங்கைவரை பூசிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார். மிச்சத்தை அறையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்.

க்ரீம்களில் கலக்கும் சிலிக்கோன்தான் அவருக்குப் பரம எதிரி. கழுவினாலும் போகாது, இருப்பதும் தெரியாது. தன் முதல் கணவரைப் பற்றிப் பேச நேர்ந்தால், "அவன் சிலிக்கோன் மாதிரி. பாக்க சுத்தமா இருப்பான். எங்க எங்க பட்டான்னு பின்னாலதான் தெரிஞ்சுது" என்பார். இரண்டாம் கணவர் தோட்டக்காரர். அவரைப் பற்றிக் கேட்டால், "மண்ணு. கழுவினாப் போயிடும், நல்ல மனுஷன்."

பெருந்தொற்று வந்த வருடம் பதினோரு நாள் வாசனை தெரியாமல் போயிற்று. காய்ச்சல் இரண்டே நாளில் நின்றுவிட்டது. ஆனாலும் பதினோரு நாளும் விடுப்பில் இருந்தார். "மூக்கில்லாம எனக்கு அங்க என்ன வேல?" பன்னிரண்டாம் நாள் காலை காபிப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு அழுதார் என்று தோட்டக்காரர் சொல்கிறார். ரோஸ்வித்தா மறுக்கிறார்.

காலை வரிசையில் கடைசியாக நிற்பவள் இம்கே. வேதியியல் படித்தவள். குழாயிலிருந்து எடுத்த வாயுவை அகச்சிவப்புக் கருவியில் செலுத்தி, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. அவளுடைய அப்பா ஹெனிங் இருபத்தாறு வருடம் ரோஸ்வித்தாவுக்கு எதிர்மேசையில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில் இம்கேக்கு ரோஸ்வித்தா அத்தை. மின்வாய்களைப் பொருத்துவது ஹெனிங், மூடியைப் போட்டு முடுக்குவது ரோஸ்வித்தா. பிப்ரவரியில் ஹெனிங் இறந்தார். குடலில் புற்றுநோய்.

அடக்கத்துக்குப் பிறகு பட்டர் கேக்கும் காபியும் கொடுத்த இடத்தில், பிரிவுத் தலைவர் டெட்லெஃப் எழுந்து நின்று பேசினார். நல்ல மனிதர், மேடைப் பேச்சு வராது. "நம்ம குழாய் மாதிரி நமக்கும் காலப்போக்குல ஒரு தோல் கட்டும்" என்றார்.

"மனுஷன் என்ன நிக்கலா?" என்று ரோஸ்வித்தா இம்கேயின் காதில் முணுமுணுத்தார். "உளர்றான். நீ கேக்கைத் தின்னு."

ஹெனிங் கடைசியாகப் பொருத்திய குழாய் 4117. ஜனவரியில் முடித்தது. கதிர் வெளியேறும் ஜன்னலுக்கான படிகம் வந்துசேரத் தாமதமானதால் மே மாதம்தான் தோல்கட்டுக்கு வந்தது. ஓல்டன்புர்கில் ஒரு கண் மருத்துவமனை அதற்காகக் காத்திருந்தது. பழைய குழாயை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஊட்டல் முடிந்து இம்கே வாயுவைப் பார்த்தபோது திரையில் 1283 என்ற இடத்தில் ஊசிபோல ஒரு முகடு நின்றது. கரியும் ஃப்ளூரினும் சேர்ந்த வாயு. பத்து லட்சத்தில் அறுபத்திரண்டு பங்கு. ஐந்துக்கு மேல் போகக் கூடாது. மறுநாள் நாற்பத்து மூன்று. மூன்றாம் நாள் முப்பது. நான்காம் நாள் இருபத்தொன்று. ஒவ்வொரு நாளும் 1030இல் இன்னொரு ஊசியும் நின்றது. அது சிலிக்கனும் ஃப்ளூரினும் சேர்ந்தது.

நான்காம் நாள் காலை மூன்று பேரும் டெட்லெஃபின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சிலிக்கன் வருதுன்னா பீங்கான்தான்" என்றார் டெட்லெஃப். "பீங்கான்ல மணல் கலந்திருக்கு. செஞ்சு குடுத்தவங்களுக்கு ஒரு கடிதம் போட்டுடலாம். குழாய திறக்க வேணாம். ஊட்டி ஊட்டிக் குறைச்சிடலாம். என்ன சொல்றே, இம்கே?"

பீங்கானாக இருந்தால் அளவு குறையாது, நாள்தோறும் ஒரே அளவில் ஊறிக்கொண்டிருக்கும் என்பது இம்கேக்குத் தெரியும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சீராகக் குறைகிறது என்றால் அது தின்னத் தின்னத் தீர்ந்துபோகிற ஏதோ ஒரு துளி. கரியும் இருக்கிறது, சிலிக்கனும் இருக்கிறது. அப்படி ஒரு துளி எதில் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். திறந்தால் அது கண்ணுக்குப் படும். திறப்பதற்கான படிவத்தில் காரணம் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் ஏறும். இருபத்தாறு வருடத்தில் ஹெனிங்கின் பெயர் அந்த இடத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

"இருக்கலாம்" என்றாள்.

டெட்லெஃப் ரோஸ்வித்தாவைப் பார்த்தார். எதற்கும் உடனே பதில் சொல்கிற ரோஸ்வித்தா அன்று மேசையில் கிடந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் சொல்றேன்" என்றார்.

பத்து மணிக்குப் பம்பு ஓடத் தொடங்கியது. குழாயில் இருந்த வாயுவை உறிஞ்சி, வடிகட்டி வழியாகக் கூரைப் புகைபோக்கிக்கு அனுப்பும் பம்பு. இம்கே முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டாள். புகைபோக்கியின் வாயில் எதுவும் தெரியாது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ்வித்தா இரண்டு கோப்பைக் காபியோடு வந்தார்.

"மேல என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"அந்த ஒண்ணுமில்லாதத நாலு நாளாப் பாக்கறே. பம்பு ஓடினா ஓடி வந்து நிக்கறே. இந்தா, ஆறிப்போகும்."

இம்கே கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"வடிகட்டியில ஃப்ளூரின் நின்னுடும் அத்தை. இந்தக் கரி வாயு நிக்காது. அது வெளிய போயிடும்."

"போனா?"

"அப்படியே இருக்கும். வெயிலு மழை எதுவும் அத ஒண்ணும் பண்ணாது. அம்பதாயிரம் வருஷம் காத்துலயே இருக்கும்."

ரோஸ்வித்தா காபியைக் குடித்தார். பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று போய் முடிந்தது.

"அது உங்கப்பன் கைதான்னு கண்டுபிடிச்சுட்டே."

"என் கையும்தான்." இம்கே ஆய்வறிக்கை படிப்பதுபோல வரிசையாகச் சொன்னாள். மருந்தால் அப்பாவின் உள்ளங்கை உரிந்தது. மருத்துவர் க்ரீம் எழுதிக் கொடுத்தார். வாரம் மூன்று காலை அரைநாள் வேலைக்குப் போகலாம் என்று அனுமதியும் கொடுத்தார். போகிற நாட்களில் காரில் ஏறுவதற்கு முன் அவள்தான் தடவிவிட்டாள். ஒவ்வொரு விரலாக. க்ரீமின் பின்பக்கத்தில் நான்காவதாகப் போட்டிருந்தது சிலிக்கோன் எண்ணெய். "படிச்சேன் அத்தை. படிச்சுட்டுத்தான் தடவினேன். வலிக்குதுன்னு சொன்னார். இங்க வந்து கழுவிக்குவார்னு நெனச்சேன்."

"கழுவினான். நாலு தடவ சோப்பு, ஒரு தடவ ஆல்கஹால். ஆல்கஹால் பட்டதும் பல்லக் கடிச்சான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்போ வாசனை போயிருக்கும்."

"எனக்கா?" ரோஸ்வித்தா அவளைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு முதல் நாளே தெரியும். மெழுகு. அதுக்கு அடியில நனைஞ்ச ஆட்டுரோமம் மாதிரி ஒண்ணு. அதுக்கும் அடியில, வாடையே இல்லாத ஒரு வழுவழுப்பு. அதான் சிலிக்கோன். கையக் காட்டுன்னேன். காட்டினான். தோலெல்லாம் போயி கொழந்தை கை மாதிரி செவந்து கெடந்துது. மோந்தேன். அவன் என் மூஞ்சியப் பாக்காம அந்த விளக்கப் பாத்துக்கிட்டு நின்னான். 'போ'ன்னுட்டேன். மூணு வாரம், ஒன்பது தடவ. ஒன்பது தடவையும் 'போ'ன்னேன்."

"ஏன் அத்தை?"

"என்ன சொல்லித் திருப்பி அனுப்பறது? 'ஒண்ணு முழுசா முடிச்சுட்டுப் போறேன் ரோஸி'ன்னான். ரெண்டு ஜோடி உறை போட்டுவிட்டேன். அதுவே தப்பாப் போச்சு." கோப்பையைச் சுவரின் மேல் வைத்தார். "மின்வாய் ஓரத்துல பிசிறு இருக்கான்னு அவன் கட்டைவிரலாலதான் தடவிப் பாப்பான். உனக்குத்தான் தெரியுமே, ஒரு பிசிறு இருந்தாப் பொறி அங்கேயே போய்ப் பாயும். மருந்துல விரல் மரத்துப்போச்சு. ரெண்டு உறைக்குள்ள அவனுக்கு எதுவும் தெரியல. தெரியலன்னு விட்டுட்டுப் போற ஆளா அவன்? உறைய உருவற சத்தம் கேட்டுது. நான் பீங்கான் தொடைக்கறாப்ல முதுகத் திருப்பிக்கிட்டேன். அதனால, அவன் தொட்டத நான் பாக்கலன்னு யாரு கேட்டாலும் சொல்லலாம். பொய்யில்ல."

பம்பின் ஓசை மாறியது. குழாய் காலியாகிக்கொண்டிருந்தது.

"திறக்க வேணாம் அத்தை" என்றாள் இம்கே. "இன்னும் அஞ்சு ஊட்டல்ல அஞ்சுக்குக் கீழ வந்துடும். கணக்குப் போட்டுட்டேன். டெட்லெஃப் பீங்கான்னே எழுதட்டும். அப்பா பேரும் வராது, உங்க பேரும் வராது."

"வெளிய தெரியற இடத்துல இருக்கறது தீரும். மின்வாய்க்கு அடியில, இடுக்குல கொஞ்சம் போயிருந்தா? அது இப்போ வராது. ஓல்டன்புர்க்ல ஒரு வருஷம் ஓடி, சூடேறி, அப்போ கசியும். பாதி செதுக்கின கண்ணோட ஒருத்தி மேசையில படுத்திருப்பா, மெஷின் நின்னுடும். அந்தக் குழாயும் உங்கப்பன் குழாய்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அங்க கெடறதவிட இங்க காகிதத்துல கெடட்டும் அவன் பேரு. காகிதம் யாரையும் குருடாக்காது."

இம்கே புகைபோக்கியை இன்னொருமுறை பார்த்தாள்.

"அந்தக் காபியக் குடிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு ரோஸ்வித்தா உள்ளே போனார்.

மத்தியானம் ரோஸ்வித்தா சொன்ன எல்லாவற்றையும் டெட்லெஃப் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திறப்பதற்கான படிவத்தைக் கணினியில் நிரப்பினார். காரணம்: பொருத்தும்போது கைத்தடம். பொருத்தியவர் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது.

"அதுக்குக் கீழ என் பேரப் போடு" என்றார் ரோஸ்வித்தா.

"நீங்க மூடினவங்க. உங்க கட்டத்துல உங்க கையெழுத்து ஏற்கனவே இருக்கு."

"அது மூடினதுக்கு. இது உள்ள விட்டதுக்கு."

"உள்ள விட்டதுக்குன்னு படிவத்துல கட்டம் இல்ல ரோஸ்வித்தா."

"அப்போ வரை."

"இத எழுதினா மேலிடத்துல கேப்பாங்க. யாரு மோந்து பாக்கச் சொன்னது, எந்த விதியிலன்னு. இனிமே விளக்கு மட்டும்தான்னு உத்தரவு வரும். முப்பத்து நாலு வருஷம், இதோட—"

"ஸ்கேல் இருக்கா, நான் வரையவா?"

டெட்லெஃப் படிவத்தை அச்செடுத்தார். ஸ்கேல் வைத்து, பென்சிலால் முதலில் கோடிட்டு, பேனாவால் அதன் மேல் இழுத்து, ஒரு கட்டம் வரைந்தார். 'அறிந்தும் உள்ளே அனுமதித்தவர்' என்று ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதினார். ரோஸ்வித்தா கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது. இம்கே பேனாவுக்குக் கை நீட்டினாள். ரோஸ்வித்தா பேனாவை மூடித் தன் அங்கிப் பையில் செருகிக்கொண்டார்.

"நீ மகள்டி. மகள்னா தடவித்தான் விடுவா. அதுக்கெல்லாம் படிவம் கெடையாது."

"அது என் பேனா" என்றார் டெட்லெஃப்.

மறுநாள் காலை ரோஸ்வித்தா முன்கூடத்தில் நிற்கவில்லை. சுவர் விளக்கைப் போட்டு, கையுறைப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அரை மணி ஆகியும் யாரும் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தால், ஆறு பேரும் பெட்டியைத் தொடாமல் நிற்கிறார்கள்.

"என்ன, மரம் மாதிரி நிக்கறீங்க? விளக்கு எரியுது, கண்ணு தெரியலையா?"

லாவெண்டர் மாமியாரின் மருமகன் இரண்டு கையையும் நீட்டினான். "எனக்கு விளக்கு மேல நம்பிக்கையில்ல."

"உத்தரவு வர்ற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு ரோஸ்வித்தா அவன் கையைப் பிடித்தார். அன்று இரண்டு பேரைக் கழுவ அனுப்பினார்.

4117க்குள் ஒரு முழு நாள் உலர்ந்த நைட்ரஜன் ஓடியது. ஃப்ளூரின் காட்டி பூஜ்யம் என்று சொன்ன பிறகு இம்கே தலையசைத்தாள். இருபத்து நான்கு திருகுகள். ரோஸ்வித்தா குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிக் கழற்றினார். இருவருக்கும் முகக்கவசம். திறந்த குழாயின் பக்கத்தில் வெறும் மூச்சுக்கூட விடக்கூடாது. மூச்சில் இருக்கும் ஈரத்தை அந்தத் தோல் உறிஞ்சிக்கொண்டு அமிலமாகும். ஒருமுறை யாரோ தும்மியதற்காக ஒரு குழாயை முழுக்க மறுபடி கழுவி, இரண்டு நாள் சூட்டடுப்பில் உலர்த்த வைத்தவர் ரோஸ்வித்தா.

மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்கள். உட்சுவர் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் மினுக்கு. கீழ் மின்வாயின் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், பட்டாணி அகலத்துக்கு ஒரு வெளிறிய கறை. விரல்ரேகைக் கோடுகள் எதுவும் இல்லை. ஃப்ளூரின் நான்கு நாள் தின்றது போக மீதி.

இம்கே இத்தனை நாளாக எதைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளோ, அது அங்கே இல்லை.

கண்ணாடிக்கு வெளியே நின்ற டெட்லெஃப் படிவத்துக்காக ஒரு படம் எடுத்தார். படம் சரி என்று கைகாட்டிவிட்டுப் போனார். இனி கறையைத் துடைக்க வேண்டும். மின்வாயைக் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், தோல்கட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்பது நாள் வேலை. ஓல்டன்புர்குக்குத் தகவல் போய்விட்டது.

ரோஸ்வித்தா புதுத் துணியைப் பிரித்து, மடித்து, திரவத்தில் நனைத்தார்.

"துடைச்சிடுங்க அத்தை" என்றாள் இம்கே.

ரோஸ்வித்தா துணியைத் தட்டில் வைத்தார். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினார். குழாயின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும்போது ஊதுவதுபோல, வாயைத் திறந்து கறையின் மேல் மெல்ல மூச்சு விட்டார்.

நிக்கலில் வெண்படலம் பரவியது. படலத்துக்குள் கோடுகள் எழுந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து வளைந்து போகும் கோடுகள், நடுவில் சாய்வாக ஒரு பழைய வெட்டுத் தழும்பு. இடது கட்டைவிரல்.

"தெரியுதா?"

இம்கே தலையசைத்தாள்.

படலம் ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ரோஸ்வித்தா விளக்கை இம்கேயின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.